மாவட்டம் மூன்று, பரிஷத் ஒன்று: சித்தூர் காட்டும் கணக்கு

புது தில்லி: திருச்சானூரில் யாத்ரீகர்கள் தங்குவதற்கென்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் கட்டிய பெரிய விடுதி ஒன்று உண்டு. பத்மாவதி நிலையம் என்பது அதன் பெயர். 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமாக உதயமானபோது, புதிய ஆட்சியர் அலுவலகம் அமைந்தது அந்த விடுதியில்தான். பக்தர்களுக்காக எழுப்பிய கட்டடத்தை அரசு அலுவலகமாக மாற்றுவதா என்று வழக்கு நடந்தது. ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார்; டிவிஷன் பெஞ்ச் அத்தடையை நீக்கியது. ஆட்சியருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாவட்டத்துக்கென ஒரு ஜில்லா பரிஷத் அப்போது அமைக்கப்படவில்லை.

ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி அரசு அன்று 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. ஆட்சியர்கள், காவல் கண்காணிப்பாளர்கள், துறைவாரியான மாவட்ட அதிகாரிகள் என அனைவரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஜில்லா பரிஷத்துகள் மட்டும் பழைய 13 ஆகவே நீடித்தன. அதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. 2021 செப்டம்பரில்தான் பரிஷத்துகள் பொறுப்பேற்றிருந்தன. ஆறு மாதம் கழித்து அவற்றைக் கலைத்துப் பிரிப்பது சட்டச் சிக்கலை உண்டாக்கும், எனவே ஐந்தாண்டுப் பதவிக் காலம் முடியும் வரை அவை அப்படியே தொடரட்டும் என்று மாநில அமைச்சரவை தீர்மானித்தது. நியாயமான வாதம்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் காலத்துக்கு முன்பே கலைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அதன் விளைவு என்ன என்பதுதான் இங்கே நாம் பார்க்க வேண்டியது.

உள்ளாட்சிகளின் நிர்வாகச் செலவு பற்றித் தில்லியில் பேசப்படும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: நூறு ரூபாயில் சம்பளத்துக்கு எவ்வளவு, சாலைக்கும் குடிநீருக்கும் எவ்வளவு? நிதிக் குழுக்களும் இதே கோணத்தில்தான் பார்க்கின்றன. 15-வது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த தொகை 4,36,361 கோடி ரூபாய். அதில் ஊரக அமைப்புகளின் பங்கு 2,36,805 கோடி. இவற்றுக்குப் பிரித்தளிக்கும் அடிப்படை மானியத்தைச் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. நல்ல நோக்கம்தான். ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நோய் வேறு. அங்கே அலுவலகச் செலவு மன்றத்தின் கணக்கில் தெரிவதே இல்லை. அது மாநில அரசின் கணக்கில் வளர்கிறது. மன்றத்தின் கணக்கு சிக்கனமாகத் தோன்றுகிறது. மன்றத்தின் கைகளோ வெறுமையாகிக்கொண்டே போகின்றன.

மூன்று ஆட்சியர்கள்

பழைய சித்தூர் மாவட்டம் சிறியதல்ல. 15,152 சதுர கிலோ மீட்டர் பரப்பு, 66 மண்டலங்கள், 2011 கணக்கெடுப்பின்படி 41.74 லட்சம் மக்கள். சென்னை மாகாணத்தில் வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து 1911 ஏப்ரல் 1-ல் உருவாக்கப்பட்ட மாவட்டம் அது. 1953-ல் ஆந்திரத்தோடு சென்றது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி நம் பக்கம் வந்தது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர் பகுதிகளில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. இத்தனை பெரிய மாவட்டத்தில் குப்பத்தில் வசிப்பவர் ஆட்சியரைப் பார்க்கச் சித்தூர் வர வேண்டியிருந்தது; மதனப்பள்ளிக்காரருக்கும் அதே அலைச்சல்தான். எனவே மாவட்டத்தைப் பிரித்தது தவறு என்று சொல்வதற்கில்லை.

2022 பிரிவினையில் மதனப்பள்ளி, பீலேரு, தம்பல்லபல்லி தொகுதிகள் ராயச்சோட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றன. திருப்பதி, சந்திரகிரி, காளஹஸ்தி, சத்தியவேடு ஆகியவை புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்ப்பேட்டை, வெங்கடகிரி ஆகியவையும் அதனுடன் இணைக்கப்பட்டன. மீதியிருந்தது சித்தூர். பிற்பாடும் சில எல்லை மாற்றங்கள் நடந்துள்ளன.

இப்போது ஜில்லா பரிஷத்தின் நிலையைப் பாருங்கள். சித்தூர் பரிஷத்தின் எல்லை பழைய மாவட்டத்தின் எல்லையே. ஆகவே அதன் கூட்டத்தில் வைக்கப்படும் ஒரு குடிநீர்த் திட்டம் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று மாவட்டங்களின் அதிகாரிகள். மறுபுறம், 2022 பிரிவினையில் திருப்பதி ஆட்சியரின் ஆளுகைக்கு வந்த மண்டலங்கள் இரண்டு பரிஷத்துகளைச் சேர்ந்தவை: ஒரு பகுதி சித்தூர் பரிஷத்துக்கு, மறு பகுதி நெல்லூர் பரிஷத்துக்கு. அன்னமய்யா ஆட்சியருக்குச் சித்தூரும் கடப்பையும். சூளூர்ப்பேட்டைப் பகுதியின் மண்டல உறுப்பினர் ஒருவர் பள்ளிக் கட்டடம் பற்றிக் கேள்வி கேட்க நெல்லூருக்குப் போக வேண்டும். கோப்பு இருப்பதோ திருப்பதியில்.

இதனால் கூடும் செலவு எந்த வரவு-செலவு அறிக்கையிலும் வராது. பயணப் படி, கூட்டத்துக்கு வராத அதிகாரி, மறு கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும் தீர்மானம், இரு மாவட்டங்களுக்கும் இரண்டு பிரதிகளில் செல்லும் கடிதம் ஆகியவை எந்தத் தலைப்பின் கீழும் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் உள்ளாட்சியின் திறனைத் தின்பவை இவையே.

நமது எல்லைக்கு இப்பால் நடந்ததையும் இங்கே ஒப்பிடலாம். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. சித்தூரின் அண்டை மாவட்டம் அது. வார்டு மறுவரையறை செய்யாமல் பழைய எல்லையிலேயே உள்ளாட்சித் தேர்தல் நடத்தத் தமிழக அரசு முற்பட்டபோது, பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தலை நிறுத்தி, மறுவரையறைக்குப் பின்பே நடத்த வேண்டும் என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்து, மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனி மாவட்ட ஊராட்சிகள் அமைந்தன. தாமதம் ஏற்பட்டது உண்மை. ஆனால் ஆட்சியரின் எல்லையும் மன்றத்தின் எல்லையும் ஒன்றாயின. இதை வைத்துத் தமிழகத்தை முன்மாதிரி என்று கொண்டாடவும் முடியாது. மற்ற மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக் காலம் முடிந்து தனி அலுவலர்களின் கைக்குச் சென்றன.

செயலகத்தின் கணக்கு

கிராமத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜயந்தியன்று, ஆந்திரத்தில் கிராம, வார்டு செயலகங்கள் தொடங்கப்பட்டன. 11,162 கிராமச் செயலகங்கள், 3,842 வார்டு செயலகங்கள், மொத்தம் 15,004. ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட பகுதிக்கு ஒரு செயலகம், அதில் பத்துப் பதினொரு ஊழியர்கள். சுமார் 1.34 லட்சம் பேருக்கு வேலை கிடைத்தது. அதற்குச் சற்று முன்பு, 2019 ஆகஸ்டில், 50 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சுமார் 2.6 லட்சம் தன்னார்வலர்களும் நியமிக்கப்பட்டனர்.

இதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. அதற்கு முன்பு ஒரே ஊராட்சிச் செயலர் பல கிராமங்களைப் பார்த்துக்கொள்வது சாதாரணம். சான்றிதழ் வாங்க மண்டல அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்தவர்களுக்கு, ஊரிலேயே ஓர் அலுவலகமும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆள்களும் கிடைத்தது பெரிய மாற்றம். முதல் தேதியன்று வீட்டு வாசலிலேயே ஓய்வூதியம் பெற்ற முதியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் செயலக ஊழியருக்கு மாதம் 15,000 ரூபாய். பத்து பேருக்கு ஆண்டுக்கு 18 லட்சம். ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட ஊராட்சி நிதி அறிக்கையின்படி, நாட்டில் ஓர் ஊராட்சியின் சராசரி ஆண்டு வருவாய், மானியங்கள் உள்பட, 21 முதல் 23 லட்சம் ரூபாய்தான். அதிலும் ஏறத்தாழ 95 சதவீதம் மேலிருந்து வரும் மானியம். சொந்த வரி 1.1 சதவீதம் மட்டுமே. அதாவது, ஓர் ஊராட்சி ஓராண்டு முழுவதும் ஆளும் தொகையை ஏறத்தாழ எட்டும் ஒரு சம்பளப் பட்டியல் அதே ஊரில், ஊராட்சியைத் தொடாமல், மாநிலக் கருவூலத்திலிருந்து நேரே நடந்தது. தகுதிகாண் பருவம் முடிந்து 2022-ல் அந்த ஊழியர்கள் முறையான ஊதிய விகிதத்துக்கு வந்தபின் தொகை மேலும் உயர்ந்தது.

மாநில அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1.34 லட்சம் ஊழியருக்கு 15,000 வீதம் ஆண்டுக்கு 2,412 கோடி. தன்னார்வலருக்கு 1,560 கோடி. ஆக, குறைந்தபட்சக் கணக்கிலேயே 4,000 கோடியைத் தொடுகிறது. 2020-21-ல் ஆந்திரத்தின் ஊரக உள்ளாட்சிகள் அனைத்துக்கும் நிதிக் குழு பரிந்துரைத்த மானியம் 2,625 கோடி. முன்னதில் நகர வார்டுகளும் அடக்கம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், சேவைக்கு வரும் பணத்தைவிட, சேவை செய்ய வைத்த ஆள்களுக்கான பணம் கூடுதல் என்ற முடிவைத் தவிர்க்க முடியாது.

தொகைகூடப் பெரிதல்ல, யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே பெரிது. செயலகத்தில் அமர்ந்திருக்கும் பொறியியல் உதவியாளர், நில அளவர், கால்நடை உதவியாளர், செவிலியர், மகளிர் காவலர், மின்துறை உதவியாளர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு துறை இருக்கிறது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சர்பஞ்சுக்கு அவர்கள் மீது பெயரளவு மேற்பார்வைக்கு மேல் எதுவும் இல்லை. 2021 மார்ச்சில் மாநில அரசு பிறப்பித்த ஆணை ஒன்று, ஊராட்சிச் செயலரின் அதிகாரங்களைக் கிராம வருவாய் அதிகாரிக்கு மாற்றியது. இணையாக ஓர் அமைப்பை நடத்துகிறீர்களா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தில் எழுந்து, அவ்வாணை 2021 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. இதே காலத்தில் ஊராட்சிகளின் நிதிக் குழு மானியத்திலிருந்து மின் கட்டண பாக்கி நேரடியாகப் பிடித்தம் செய்யப்பட்டதும், அதை எதிர்த்துக் கட்சி வேறுபாடின்றி சர்பஞ்சுகள் கொதித்ததும் மறந்துவிடக் கூடியதல்ல. ஒரு பக்கம் ஊருக்குப் பத்து ஊழியர்கள். மறுபக்கம் தெரு விளக்குக்கு மின் கட்டணம் கட்ட ஊராட்சியிடம் காசில்லை.

2024-ல் ஆட்சி மாறிய பின் தன்னார்வலர் முறை தொடரவில்லை. சந்திரபாபு நாயுடு அரசு 2025 ஜனவரியில், மக்கள் தொகை அடிப்படையில் செயலகங்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு முதல் எட்டு ஊழியர்கள் என்று வரையறுத்தது. சீர்திருத்தம் என்றே இதைக் கொள்ளலாம். ஆனால் அதே 2025-ன் டிசம்பரில், துணை முதல்வர் பவன் கல்யாண் சித்தூருக்கு வந்து, மாநிலம் முழுவதற்குமான 77 கோட்ட வளர்ச்சி அதிகாரி அலுவலகங்களைத் தொடங்கி வைத்தார். ஊராட்சி, மண்டலம், மாவட்டம் என்ற வரிசையில் இன்னொரு படி. ஆட்சிகள் மாறினாலும் அலுவலகங்களைத் திறப்பதில் ஆந்திரத்தில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. 1985-ல் என்.டி. ராமராவ் தாலுகாக்களை ஒழித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை அமைத்த நாளிலிருந்து, மக்களிடம் அரசை நெருங்கச் செய்வது என்றால் அலுவலகத்தை நெருங்கச் செய்வது என்றே அங்கு பொருள் கொள்ளப்பட்டு வருகிறது.

அளவும் ஒரு காரணம். கேரளத்தில் கிராம ஊராட்சிகள் 941. ஒன்றில் சராசரியாக 20,000 பேருக்கு மேல். ஆந்திரத்தில் 13,000-க்கும் அதிகம். சராசரி 2,600 பேர். இவ்வளவு சிறிய ஊராட்சி சொந்தமாக ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ள முடியாது. எனவே ஆள் மேலிருந்துதான் வர வேண்டும். கேரளம் 1996-க்குப் பின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாக உள்ளாட்சிக்கு ஒதுக்கியபோது, துறை ஊழியர்களையும் ஊராட்சியின் கீழ் கொண்டுவந்தது. ஆந்திரம் ஊழியரைக் கிராமத்துக்கு அனுப்பியது, கோப்பை மட்டும் துறையிலேயே வைத்துக்கொண்டது.

திருப்பதியின் தனிச் சிக்கல்

நகரத்தில் கதை வேறு விதம். திருப்பதி நகராட்சி 1886-ல் ஏற்பட்டது. 2007 மார்ச்சில் மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது 2021 மார்ச்சில். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் மேயரே இல்லாத மாநகராட்சி! சித்தூர் 2012-ல் மாநகராட்சியாகி 2014-ல் மேயரைப் பெற்றது. அந்த மன்றத்தின் காலம் 2019-ல் முடிந்தபின் அங்கும் ஈராண்டுக் காலம் அதிகாரி ஆட்சிதான்.

மன்றம் இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. திருப்பதியில் நகர மேம்பாட்டு ஆணையம் முன்பே இருந்தது. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நகரம் இடம்பெற்றபின், அத்திட்டத்துக்கென கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனி நிறுவனம் ஒன்று வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, எதற்கும் கட்டுப்படாத மலை போல, தேவஸ்தானம். நகரின் மிகப் பெரிய கட்டுமானமான ஸ்ரீநிவாச சேது மேம்பாலத்துக்கு, சுமார் 650 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு, மூன்றில் இரண்டு பங்கை தேவஸ்தானமும் மீதியை ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் தந்தன. 2023 செப்டம்பரில் பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவு செய்த திட்டமல்ல அது. முடிவு செய்யப்பட்ட காலத்தில் மன்றமே இல்லை.

திருப்பதியின் வருமானத்துக்கும் சுமைக்கும் பொருத்தமே கிடையாது. 2011-ல் மாநகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் 2.87 லட்சம் பேர். சொத்து வரி கட்டுபவர்கள் அவர்கள்தான். திருமலைக்கு நாள்தோறும் 60,000-க்கும் மேற்பட்டோர் செல்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் இந்நகரின் வழியாகத்தான் போகிறார்கள். அதன் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அதன் சாலையில் நடக்கிறார்கள், குப்பையை விட்டுச் செல்கிறார்கள். காணிக்கை மலைக்குப் போகிறது. 2023-24-ல் தேவஸ்தானத்தின் வரவு-செலவு 4,411 கோடி ரூபாய். அதில் ஒரு சதவீதத்தை நகரின் மேம்பாட்டுக்கு ஒதுக்க அறங்காவலர் குழு 2023 அக்டோபரில் தீர்மானித்தது. மாநில அரசு ஒப்பவில்லை. நகரத் துப்புரவுக்கு தேவஸ்தானப் பணம் தருவதை எதிர்த்த வழக்கில் அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. பக்தர்கள் கோயிலுக்குத் தந்த பணம் கோயில் காரியத்துக்கே என்ற வாதத்தில் வலு இருக்கிறது. யாத்ரீகர்களால் வரும் செலவை உள்ளூர்க்காரர்களே ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியிலும் அதே வலு இருக்கிறது. இதற்கு விடை தேட வேண்டியது மாநில அரசு. யாத்ரீக நகரங்களுக்கெனத் தனி மானியம் தருவது பற்றி நிதிக் குழுக்களும் யோசித்திருக்கலாம்.

அடுத்து வருவது

சித்தூர் ஜில்லா பரிஷத்தின் ஐந்தாண்டுக் காலம் 2026 செப்டம்பரோடு நிறைவு பெறுவது. அதன் பிறகு பரிஷத்தைப் பிரித்தாக வேண்டும். அங்கேதான் நிர்வாகச் செலவு என்ற பூதம் மன்றத்தின் சொந்தக் கணக்கிலேயே தலைகாட்டும். ஒரு தலைமை நிர்வாக அதிகாரி, கணக்கு அலுவலர், பொறியியல் பிரிவு, கட்டடம், வாகனம் என்ற அடிப்படைச் செலவு, பரிஷத் பெரியதாயினும் சிறியதாயினும் ஒன்றுதான். வருவாய் அப்படிப் பிரியாது. நிலப் பத்திரப் பதிவில் உள்ளாட்சிக்கு வரும் கூடுதல் தீர்வையில் கொழுத்த பகுதி திருப்பதி, சந்திரகிரி, ரேணிகுண்டா பக்கமும், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைப் பக்கமுமே கிடைக்கக் கூடியது. மேற்கே குப்பம் வரை நீளும் எஞ்சிய சித்தூருக்கு மிஞ்சுவது குறைவு. 14-வது நிதிக் குழு 2015-20-ல் மண்டல, மாவட்ட அளவிலான பரிஷத்துகளுக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. 15-வது குழு தந்தது, ஆனால் மாவட்ட அளவுக்கு ஊரகப் பங்கில் 5 முதல் 15 சதவீதத்துக்குள் மட்டுமே.

பரிஷத்தின் பெயரைத் தாங்கிய உயர்நிலைப் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆசிரியர் சம்பளமும் இடமாற்றமும் கல்வித் துறையிடம். பிரிவினையின்போது அப்பள்ளிகளின் கட்டடங்கள் எந்தப் பரிஷத்துக்கு, பழுது பார்க்கும் பணம் எதற்கு, சித்தூர் நகரில் உள்ள அலுவலகச் சொத்தில் திருப்பதிக்கும் அன்னமய்யாவுக்கும் பங்கு உண்டா என்பவை தீர்க்கப்பட வேண்டியவை. தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தொகுதி மறுவரையறையும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் பரிஷத்தும் தனி அதிகாரியின் கைக்குப் போகும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத இடத்துக்கு மத்திய மானியம் விடுவிக்கப்படாது என்ற விதியும் கூடவே வந்து நிற்கும். 2018 ஆகஸ்டில் பதவிக் காலம் முடிந்து 2021 வரை தேர்தல் இல்லாமல் கிடந்த ஆந்திர ஊராட்சிகள் அந்த அனுபவத்தை ஒருமுறை பெற்றுவிட்டன.